பி 0171 வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். 12 வருடப் பழைய பெட்ரோல் கார், செக் இன்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி 0171 என்ற கோளாறுக் கோடு காட்டுகிறது, மெக்கானிக் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கோடுக்கு அர்த்தம், இன்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான். எக்ஸாஸ்ட் புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்தச் சென்சார். பல நேரம் அதன் மேல் எந்தக் குற்றமும் இருக்காது.

சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகும் 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் லைவ் டேட்டாவைத் திறங்கள். இன்ஜின் சூடான பிறகு, முன் சென்சாரின் (இன்ஜினுக்கு அருகில் இருப்பது) வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே விடாமல் ஏறி இறங்க வேண்டும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் மேலே போய், காலை எடுத்ததும் கீழே விழுந்தால் சென்சார் நன்றாகவே இருக்கிறது.

அடுத்து பார்க்க வேண்டியது ஃபியூல் டிரிம். குறையும் பெட்ரோலை ஈடுகட்ட இசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) எத்தனை சதவீதம் கூட்டி ஊற்றுகிறது என்பதை இது காட்டும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது, 10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, 20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்ததும் 5-க்கு இறங்கினால், எங்கோ வேக்குவம் லீக், அதாவது ஓட்டை வழியே கூடுதல் காற்று இன்ஜினுக்குள் நுழைகிறது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதனால் சின்ன ஓட்டை வழியே நுழைவதுகூடப் பெரிய பங்காகிவிடும். மாறாக, மேட்டில் ஏற்றும்போதும் வேகமாகப் போகும்போதும் டிரிம் கூடினால் ஃபியூல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள், அல்லது உள்ளே போகும் காற்றின் அளவை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரில் அழுக்கு படிந்திருக்கும். இந்தக் கணக்கு எம்ஏஎஃப் உள்ள வண்டிகளுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். அதற்குப் பதிலாக மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) உள்ள அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சார் மட்டும் உள்ள சிறிய கார்களில் லீக் இருந்தால் டிரிம்மை விட ஐடில் வேகம்தான் ஏறி நிற்கும்.

எங்கள் வீட்டுப் பழைய காரில் சிக்கியது பிசிவி ஹோஸ், அதாவது இன்ஜின் அடியில் சேரும் வாயுவை மறுபடி உள்ளே இழுக்கும் ரப்பர் குழாய். மேலே பார்த்தால் ஒரு கீறலும் இல்லை. மேனிஃபோல்டுக்கு அடியில் வளையும் இடத்தில் விரலால் அழுத்தியதும் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு வாய் திறந்தது. இன்ஜின் சூட்டில் வருடக்கணக்காக வெந்த ரப்பர் அப்படித்தான் ஆகும். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. சென்சார் வாங்கியிருந்தால் சில ஆயிரம் போயிருக்கும், லைட்டும் மறுபடி எரிந்திருக்கும்.

லீக் கண்ணில் படவில்லையா? புகையைச் செலுத்தி அது கசியும் இடத்தைப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்யும் கராஜுக்குப் போங்கள். லீக்கைத் தேட கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்துப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் கசிந்தாலும் வெளிக்காற்று கலந்து இதே கோடு வரலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், லைட்டை அணைப்பதற்காக பேட்டரியைக் கழற்றாதீர்கள். கோடு வந்த நேரத்தில் வேகம், சூடு, லோடு என்ன இருந்தது என்று பதிவான ஃப்ரீஸ் ஃபிரேம் அழிந்துவிடும். லைட் மின்னாமல் நிலையாக எரிந்தால் பொறுமையாகத் தேடலாம். விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தமாக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும் என்பதால், வண்டியை ஓரம் கட்டி டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.