அதே சக்தி, அதே காயம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கொஞ்ச காலமாக அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ்களை வரிசையாக வாசித்துவருகிறேன். ஒரு விஷயம் அலுப்பூட்டுகிறது. எந்த ஹீரோவை எடுத்தாலும் அவனுடைய நகல் ஒருவன் வில்லனாக வந்து நிற்கிறான். ஃப்ளாஷுக்கு ரிவர்ஸ் ஃப்ளாஷ், ஹல்க்குக்கு அபாமினேஷன், ஸ்பைடர்மேனுக்கு வெனம், சூப்பர்மேனுக்கு ஜெனரல் ஸாட். அதே சக்தி, உடையின் நிறம் மட்டும் வேறு. இதைப் போய் ‘ஹீரோவின் கண்ணாடி பிம்பம்’ என்று சிலாகிக்கிறார்கள். எனக்கு இது கற்பனை வறட்சியாகத்தான் படுகிறது. பேட்மேனின் எதிரி ஜோக்கரையும் சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதரையும் பாருங்கள். ஹீரோவுக்கு நேரெதிரான ஆட்கள், அதனால்தான் இத்தனை காலம் நிற்கிறார்கள். எக்ஸ்-மென் கதைகளின் வில்லன் மேக்னெட்டோவை வேண்டுமானால் அந்த அணியின் தலைவர் சேவியரின் பிம்பம் என்று ஒப்புக்கொள்வேன். மற்றபடி இந்தக் கண்ணாடி விளையாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு என் பதில் ‘ஆமாம்’ என்பதுதான். நீங்கள் சொன்ன நால்வரும் முதலில் வந்தபோது நகல்களாகத்தான் வந்தார்கள். அதற்குக் காரணம் தொழில் சார்ந்தது. மாதாமாதம் வெளிவரும் தொடரில் ஹீரோவின் சக்தி ஏறிக்கொண்டே போகும். ஒளியோடு போட்டி போட்டு ஓடுகிறவனை யாரால் பிடிக்க முடியும்? அதே வேகத்தில் ஓடுகிற இன்னொருவனால்தான். தவிர, இது படத்தில் சொல்லப்படும் கதை. 1963-ல் ரிவர்ஸ் ஃப்ளாஷ் அறிமுகமானபோது சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளைப் பூசினார்கள். இவன் யார், யாருக்கு எதிரி என்பதைப் பக்கத்தைப் புரட்டுகிற சிறுவன் ஒரு வசனம்கூடப் படிக்காமல் புரிந்துகொண்டான். சிக்கனமான உத்தி. அதற்குமேல் அதில் தத்துவம் தேட வேண்டியதில்லை.

வெனத்தின் கறுப்பு உடைக்கு மட்டும் ஒரு சுவையான முன்கதை உண்டு. ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை என்ற யோசனை உங்களைப் போன்ற ஒரு வாசகர் அனுப்பியது. ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனம் அதை 220 டாலருக்கு வாங்கிக்கொண்டது. 1984-ல் வந்த அந்த உடையிலிருந்துதான் 1988-ல் வெனம் பிறந்தான். வாசகர் கடிதங்களை நான் கவனமாகப் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜோக்கரை நீங்கள் நேரெதிர் என்று சொல்வதும், வேறு பலர் அவனைப் பேட்மேனின் பிம்பம் என்று சொல்வதும், இரண்டுமே எனக்கு ஏற்புடையவை அல்ல. தானும் பேட்மேனும் ஒன்று என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது ஜோக்கர்தான். 1988-ல் ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த ‘தி கில்லிங் ஜோக்’ அந்த வாதத்தை நேருக்கு நேர் எடுத்துக்கொள்கிறது. ஒரே ஒரு மோசமான நாள் போதும், யாரும் தன்னைப்போல் ஆகிவிடுவார்கள் என்கிறான் ஜோக்கர். அதை நிரூபிக்க, பேட்மேனின் கூட்டாளியான போலீஸ் கமிஷனர் கார்டனின் மகளைச் சுடுகிறான், கார்டனைச் சித்திரவதை செய்கிறான். கார்டன் உடைந்துபோகவில்லை. இவனைச் சட்டப்படியே பிடித்து வா என்று பேட்மேனிடம் சொல்கிறார். அதே கதையில் ஜோக்கர் தன் கடந்தகாலம் தனக்கே ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாக நினைவுக்கு வருவதாகவும் சொல்கிறான். தன் காயம் எது என்று தெரியாதவன் இன்னொருவனின் காயத்துக்கு எப்படிப் பிம்பமாக முடியும்?

லூதர் விஷயம் வேறு. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1933-ல் தங்கள் சொந்தச் சிறுபத்திரிகையில் ஒரு கதை வெளியிட்டார்கள். அதில் வருகிற சூப்பர்மேன் வில்லன்! உணவுக்காக வரிசையில் நின்றவனை ஒரு விஞ்ஞானி பிடித்துப் பரிசோதனை செய்ய, பிறர் மனதைப் படிக்கும் ஆற்றல் வந்து, உலகை ஆளக் கிளம்புகிற வழுக்கைத் தலையன். ஹீரோ சூப்பர்மேன் அச்சுக்கு வந்தது 1938-ல். லூதர் வந்தது 1940-ல், அப்போது அவனுக்குச் செந்நிற முடி இருந்தது, வழுக்கை பிறகுதான் வந்தது. எப்படி வந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பழைய கதையின் படத்தையும் இன்றைய லூதரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், படைத்தவர்கள் முதலில் கற்பனை செய்த சூப்பர்மேன் சுற்றிவளைத்து எதிரியாக வந்து சேர்ந்துவிட்டான் என்றுதான் தோன்றும். ஆகவே லூதரை நேரெதிர் என்று அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சக்தி ஒன்றாக இருந்தால் ‘யார் பலசாலி’ என்ற ஒரு கேள்விதான் எழும், அதற்கு இருபது பக்கத்தில் விடை கிடைத்துவிடும். காயம் ஒன்றாக இருந்தால் கதை ஹீரோவைக் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறது. நீ நல்லவனாக இருப்பதில் உன் பங்கு எவ்வளவு, உனக்கு வாய்த்ததன் பங்கு எவ்வளவு?

1984-ல் வந்த ‘பேட்மேன் ஸ்பெஷல்’ இதழை எப்படியாவது தேடிப் படியுங்கள். மைக் பார் எழுதி மைக்கேல் கோல்டன் வரைந்தது. அதில் வருகிற ராத் என்பவனும் பேட்மேனைப்போலவே சிறுவயதில் கண்ணெதிரே துப்பாக்கிச் சூட்டில் பெற்றோரை இழந்தவன். அவனும் முகமூடி அணிந்து, உடலைப் பயிற்றி, வாழ்நாளை ஒரே நோக்கத்துக்காகக் கொடுத்தவன். ஒரு வித்தியாசம்தான். அவனுடைய பெற்றோர் குற்றவாளிகள். சுட்டவர் இளம் போலீஸ்காரராக இருந்த ஜேம்ஸ் கார்டன். பேட்மேன் குற்றவாளிகளை வேட்டையாடுவதுபோல ராத் போலீஸ்காரர்களை வேட்டையாடுகிறான். இருவருடைய துக்கத்தையும் தராசில் வைத்தால் முள் அசையாது. துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதுதான் ஒருவனை நாயகனாகவும் இன்னொருவனைக் கொலைகாரனாகவும் ஆக்கியிருக்கிறது. கார்டன் அன்று தவறு செய்யவில்லை என்பது சிறுவன் ராத்துக்கு என்ன ஆறுதல்? கதை இதற்குப் பதில் சொல்வதில்லை. சொல்லாததுதான் எனக்குப் பிடித்தது.

இதையே தலைகீழாகத் திருப்பியவன் 2002-ல் ஜெஃப் லோப், ஜிம் லீ கூட்டணி கொண்டுவந்த ஹஷ். ஹஷ்ஷின் நிஜப்பெயர் டாமி எலியட்; பேட்மேனாக மாறும் புரூஸ் வேனின் பால்ய நண்பன், அதே வசதி, அதே வகுப்பு. சொத்துக்காகவும் விடுதலைக்காகவும் பெற்றோரின் கார் பிரேக்கை அறுக்கிறான். தந்தை இறந்துபோகிறார். தாயை அறுவைச் சிகிச்சை செய்து காப்பாற்றிவிடுகிறார் புரூஸின் தந்தை டாக்டர் தாமஸ் வேன். அந்தக் கோபத்தை டாமி கடைசிவரை விடுவதில்லை. புரூஸ் எதை இழந்ததாக நினைத்து வாழ்நாளெல்லாம் இரவில் அலைகிறானோ, அதை ஒரு வரமாகப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒருவன்! பிற்பாடு முகத்தையே புரூஸைப்போல மாற்றிக்கொள்கிறான், அது கொஞ்சம் அதிகப்படி. அந்தப் பொறாமையே போதுமானதாக இருந்தது.

சினெஸ்ட்ரோவைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. 1961-லிருந்து இருக்கிறான். மோதிரத்தின் சக்தியால் அண்டத்தைக் காவல் காக்கும் கிரீன் லான்டர்ன் படையிலேயே தலைசிறந்தவன் என்று பெயர் வாங்கியவன், ஒழுங்கைக் காப்பாற்றுகிறேன் என்று தன் கோளையே சர்வாதிகாரியாக அடக்கி ஆண்டு விரட்டப்பட்டவன். 2007-ல் பயத்தையே ஆயுதமாகக் கொண்ட தன் சொந்தப் படையோடு திரும்பி வருகிறான். போரில் தோற்கிறான். ஆனால் போரின் நடுவே, அதுவரை உயிரைப் பறிக்காத கிரீன் லான்டர்ன் மோதிரங்களுக்குக் கொல்லும் அனுமதியை, அந்தப் படையை நடத்தும் ‘கார்டியன்கள்’ வழங்கிவிடுகிறார்கள். இனி உங்களைக் கண்டு எல்லாரும் அஞ்சுவார்கள், நான் கேட்டதும் இதைத்தானே என்கிறான் சிறைப்பட்ட சினெஸ்ட்ரோ. இவனைச் சேர்க்காமல் பிம்ப வில்லன்களைக் கற்பனை வறட்சி என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

எனக்கு எல்லாரையும்விடப் பிடித்தவன் ஆட்டோ ஆக்டேவியஸ், அதாவது டாக்டர் ஆக்டோபஸ். ஸ்பைடர்மேனின் எதிரியாக 1963-ல் அறிமுகமாகும்போதே அவன், ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் வயதான வடிவம்தான். மூக்குக்கண்ணாடி, ஆய்வுக்கூடம், கதிரியக்க விபத்து, யாரும் தன்னை மதிக்கவில்லை என்ற குமைச்சல் எல்லாம் பொருந்தும். ஐம்பது ஆண்டுகள் கழித்து எழுத்தாளர் டான் ஸ்லாட் அந்த ஒற்றுமையைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனார். சாகக் கிடக்கும் ஆட்டோ தன் மனதைப் பீட்டரின் உடலுக்குள் ஏற்றிவிடுகிறான். பீட்டர் செத்துப்போகிறான், ஆனால் அதற்குமுன் தன் நினைவுகளை ஆட்டோவுக்குள் திணித்துவிடுகிறான். பீட்டரை வளர்த்த பென் மாமாவின் சாவு முதல் எல்லாம் இப்போது ஆட்டோவுக்கும் நினைவு. நான் உன்னைவிட மேலான ஸ்பைடர்மேனாக இருந்து காட்டுகிறேன் என்று சபதம் எடுக்கிறான்.

இருந்தும் காட்டுகிறான் என்பதுதான் வேடிக்கை. நகரத்தைக் கண்காணிக்கச் சிறு எந்திரங்கள், பீட்டர் முடிக்காமல் விட்ட டாக்டர் பட்டம், சொந்த நிறுவனம். கூடவே, தப்பவிட்டால் மறுபடி கொல்வான் என்று தோன்றிய ஒரு குற்றவாளியை நெற்றியில் சுட்டுக் கொல்லவும் செய்கிறான். வாசிக்கும்போது ‘இவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே’ என்று எனக்கே தோன்றியது, அந்த எரிச்சலுக்காகவே ஸ்லாட்டைப் பாராட்டலாம். 2014-ல், இந்தக் கதை வந்த ‘சுப்பீரியர் ஸ்பைடர்மேன்’ தொடரின் 30-ஆவது இதழில், தான் நேசிக்கிற பெண்ணைக் காப்பாற்றத் தன்னால் ஆகாது, பீட்டரால்தான் ஆகும் என்று புரிந்துகொண்டு தானாகவே ஒதுங்கி, தனக்குள் எஞ்சியிருந்த பீட்டரின் மனதுக்கே உடலைத் திருப்பிக் கொடுக்கிறான். யாரும் அவனை அடித்து வீழ்த்தவில்லை.

மேக்னெட்டோவில் உங்களோடு உடன்பட முடியவில்லை. பிறவியிலேயே சக்தி பெற்ற மியூட்டன்ட்கள் மனிதர்களோடு எப்படி வாழ்வது என்ற ஒரே கேள்விக்கு அவனும் சேவியரும் இரண்டு பதில்கள். விவாதிக்கிற இரண்டு பேரில் ஒருவர் மற்றவரின் பிம்பம் ஆகிவிடுவதில்லை. 1963-ல் வந்தவன் சாதாரண கொக்கரிப்பு வில்லன். 1981-ல் எக்ஸ்-மென் தொடரின் 150-ஆவது இதழில்தான் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் அவனை நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் குடும்பத்தை இழந்தவனாக ஆக்கினார். அந்த இதழில் சண்டையின் வெறியில் எக்ஸ்-மென் அணியின் கிட்டி பிரைடை அடித்து வீழ்த்துகிறான். அவள் ஒரு சிறுமி என்பது அப்போதுதான் உறைக்கிறது. தன் குடும்பத்தைக் கொன்றவர்களைப்போலத் தானும் ஆகிவிட்டோம் என்று அங்கேயே நின்றுவிடுகிறான். அவன் கண்ணாடியில் பார்த்தது சேவியரை அல்ல, நாஜிகளை.

அதன் பிறகு கிளேர்மான்ட் அவசரப்படவில்லை. 1985-ல் 200-ஆவது இதழில் மேக்னெட்டோ விசாரணைக் கூண்டில் நிற்கிறான், சேவியரின் பள்ளியே அவன் பொறுப்புக்கு வருகிறது. இந்த இடைவெளியில் வந்த இதழ்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 1991-ல் புதிதாகத் தொடங்கிய எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. அதில் மேக்னெட்டோ மறுபடியும் வில்லன்.