மறதி நோய் மாத்திரையை இரண்டு பேர் கொடுத்துவிட்டால்

கேள்வி: அம்மாவுக்கு வயது 78. மறதி நோய்க்கு இரவில் டோனெபெசில் 10 மி.கி., பிரஷருக்குக் காலையில் மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். நேற்று இரவு நான் மாத்திரை கொடுத்தது தெரியாமல் என் மனைவியும் ஒன்று கொடுத்துவிட்டார். காலையில் ஒருமுறை வாந்தி, இரண்டு முறை பேதி. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா?

பதில்: போய்விடுங்கள், இன்றே. ஒரேயொரு மாத்திரை கூடுதலாகப் போனால் பெரும்பாலும் வயிற்றைக் கலக்குவதோடு நின்றுவிடும். ஆனால் அம்மா மெட்டோப்ரோலாலும் சாப்பிடுகிறாரே! இரண்டுமே நாடித்துடிப்பைக் குறைப்பவை. வாந்தி, பேதியில் உடம்பில் நீரும் குறைந்திருக்கும். எழுந்து பாத்ரூமுக்கு நடக்கும்போது மயங்கி விழுந்து இடுப்பெலும்பு உடைவது இப்படித்தான்.

கிளம்புவதற்கு முன் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 50-க்குக் கீழே இருந்தாலோ, மயக்கம், உடம்பெல்லாம் வியர்வை, எச்சில் வழிதல், மூச்சுத்திணறல், கைகால் தளர்ச்சி, வலிப்பு என எது தெரிந்தாலோ 108-ஐ அழையுங்கள். காலை மெட்டோப்ரோலால் இன்னும் கொடுக்கவில்லை என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மெடிக்கலில் வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். டோம்பெரிடோன், ஒன்டான்செட்ரான் இரண்டும் டோனெபெசிலோடு சேர்ந்து இதயத்தின் மின்னோட்டத்தைக் குழப்பக்கூடும். எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கே ஈசிஜி எடுப்பார்கள். துடிப்பு மிகவும் இறங்கியிருந்தால் அட்ரோபின் ஊசி இருக்கிறது.

சாப்பிட்ட மூன்று, நான்கு மணி நேரத்தில் மருந்து உச்சத்துக்குப் போகும். ஆனால் உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைய சுமார் 70 மணி நேரம், அதாவது மூன்று நாள் பிடிக்கும். அதனால் காலையில் தெம்பாக இருக்கிறாரே என்று இன்றிரவு வழக்கம்போல் கொடுத்துவிடாதீர்கள். எப்போது மறுபடி தொடங்குவது என்று மருத்துவர் சொல்லட்டும்.

ஒருநாள் தவறைவிட ஆபத்தானது, தெரியாமலே தினமும் நடக்கும் தவறு. டோனெபெசிலோடு, மறதி நோய்க்கான இன்னொரு மருந்தான மெமன்டைனும் சேர்ந்த ஒரே மாத்திரைக்கு மருத்துவர் மாற்றியிருப்பார். பழைய அட்டையும் டப்பாவில் கிடக்கும். பிராண்ட் பெயர் வேறு என்பதால் இரண்டையும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பிராண்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். மாற்றிய அன்றே பழைய அட்டையை வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள்.

மறதி நோய்க்கே தரும் ரிவாஸ்டிக்மின் பேட்ச் (தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை) ஒட்டும் வீடுகளில், முதுகில் பழையதைக் கழற்றாமல் புதியதை ஒட்டிவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. இதில் உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. பழையதை உரித்து, முதுகு, தோள், மார்பு முழுக்கத் தடவிப் பார்த்த பிறகே புதியதை ஒட்டுங்கள். இரண்டு இருப்பது தெரிந்தால் இரண்டையும் உடனே எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். கழற்றிய பிறகும் தோலிலிருந்து மருந்து சிறிது நேரம் ரத்தத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். மூன்று நாளுக்கு மேல் பேட்ச் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடங்கக்கூடாது, குறைந்த அளவான 4.6 மி.கி. பேட்சிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வீட்டில் இனி மாத்திரை கொடுப்பது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். ஏழு நாள் மாத்திரைப் பெட்டியில் நேற்றைய அறை காலியா என்று பார்த்தால் போதும், அம்மாவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பெட்டியை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள்.