கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: படிவம் நான்கில் படிக்கும் என் மகள், பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அவளுடைய பரத ஆசிரியையோ, "அந்த அம்மாவால்தான் நம் கலையை வளர்த்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன" என்கிறார். தலைப்பை மாற்றச் சொல்லவா?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: வேண்டாம்மா. டீச்சர் சொன்னதையும் பேச்சில் சேர்க்கச் சொல்லுங்கள், நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1912இல் டாக்டர் பட்டம், ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் ஒரு நிமிடத்தில் முடியட்டும். மற்ற பிள்ளைகளும் அதைத்தான் பேசப் போகிறார்கள்.

முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாள், தேவதாசிகள் வந்த இசை வேளாளர் குலம். ஆகவே வெளியே நின்று கல்லெறிந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. சின்னப் பெண்களுக்குப் பொட்டுக்கட்டுவதை (கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தேவதாசியாக்குவதை) நிறுத்தப் போராடியது சரிதான், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. பலரும் விட்டுவிடுவது, அவர் முயற்சியால் 1929இல் வந்த சட்டத் திருத்தத்தை. கோயில் ஊழியத்துக்காகக் கொடுத்த மானிய நிலம், ஊழியம் நின்ற பிறகும் அந்தப் பெண்களுக்கே சொந்தம் என்றது அது. வெறும் கையோடு போ என்று அவர் சொல்லவில்லை.

ஆனால் எல்லாத் தேவதாசிகளையும் ஒரே தராசில் எடைபோட்டார். எங்களையும் விலைமாதரையும் ஒன்றாக்காதீர்கள், படிப்புக் கொடுங்கள் என்று சென்னை தேவதாசிகள் சங்கம் அரசுக்கு மனுப்போட்டது. அது எடுபடவில்லை. கடைசியில் 1947இல் வந்த சட்டம், பொட்டுக்கட்டுவதோடு கோயிலுக்குள் பெண்கள் ஆடுவதையும் சேர்த்தே தடுத்தது. அதற்குள் அதே ஆட்டம் வேறு வீட்டுப் பெண்களோடு சபா மேடை ஏறிவிட்டது. டீச்சரின் கோபம் இங்கேதான், நியாயமான கோபம்.

பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்ட முயற்சியை எதிர்த்தவர்களில் ஒருவர், தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். கோலாலம்பூரில் தியாகராஜ ஆராதனைக்குப் போயிருக்கிறீர்களா? முன்வரிசைப் பாயில் பெண்கள்தான் அதிகம். மடியில் கைப்பேசியை வைத்து வரியைப் பார்த்துக்கொண்டே பஞ்சரத்தினம் பாடுவார்கள் (சிலர் பார்க்காமலே, நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு). ஒரு காலத்தில் திருவையாற்றில் பெண்கள் பாடக் கூடாது. தன் சொந்தப் பணத்தில் தியாகராஜர் சமாதியில் கோயில் எழுப்பியவர் நாகரத்தினம்மாள், அவருக்கே அனுமதி இல்லை! பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். பெண்ணுரிமைப் போராளிகள் பட்டியலில் இவர் பெயரை யாரும் எழுதுவதில்லை. உங்கள் மகள் எழுதட்டும், இருவரையும் ஒரே மேடையில் பேசட்டும்.

கேள்வி: ஒருவருக்காகப் போராடி இன்னொருவரை மறந்துவிடும் குறை மேல்நாட்டுப் பெண்ணுரிமைப் போராளிகளிடமும் உண்டா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இல்லாமலா! அமெரிக்காவில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எலிசபெத் ஸ்டான்டனும் சூசன் அந்தோணியும் அடிமை முறையையும் எதிர்த்தவர்கள். ஆனால் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரும் 15ஆவது சட்டத் திருத்தம் வந்தபோது, பெண்களை விட்டுவிட்டார்களே என்ற கோபத்தில் அதை எதிர்த்தார்கள். கறுப்பின ஆண்களைப் பற்றி ஸ்டான்டன் பேசியதைப் படிக்கவே கூசும். "அந்தக் காலம் அப்படி" என்று யாராவது சமாதானம் சொன்னால், லூசி ஸ்டோன் பெயரைச் சொல்லுங்கள். அவரும் பெண்களுக்கு வாக்குக் கேட்டவர்தான். முதலில் கறுப்பின ஆண்களுக்காவது கிடைக்கட்டும் என்று 1869ஆம் ஆண்டு மாநாட்டில் எழுந்து பேசினார்.