சூரியப் புயலுக்கு நாமும் ஆயத்தமாக வேண்டுமா?

கேள்வி: 2024 மே மாதம் பெரும் சூரியப் புயல் வீசியும் கொழும்பில் விளக்குகள் அணையவில்லையே, இதற்கென அரசு திட்டமிடுவது அவசியமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அவசியம்தான். 1989 மார்ச் 13 அன்று புவிக்காந்தப் புயல் (சூரியன் உமிழும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்குவது) தூண்டிய மின்னோட்டத்தால் கனடாவின் கியூபெக் மாகாண மின்வலையமைப்பு ஏறத்தாழ 90 வினாடிகளில் செயலிழந்து, சுமார் 60 இலட்சம் மக்கள் 9 மணிநேரம் வரை மின்சாரமின்றித் தவித்தனர். பூமியின் காந்தத் துருவங்களுக்கு நடுவே செல்லும் காந்த நடுக்கோட்டை அண்டியுள்ள நமக்கு அந்த ஆபத்துக் குறைவு. ஆனால், இதே காரணத்தால் வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள மின்னேற்றப் படலமான அயனமண்டலத்தின் குழப்பம் இங்கு அதிகம். அது ஜிபிஎஸ் சமிக்ஞையையும் சிற்றலை வானொலியையும் கெடுத்துவிடும். முகத்துவாரத்திலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாள் படகில், சுக்கானருகே இருக்கும் சிறு திரையையும் வானொலிப் பெட்டியையும் நம்பித்தானே நம்மவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருக்கிறார்கள்! அவர்களை எண்ணியே இதனை அழுத்திச் சொல்கிறேன்.

பிரித்தானியா 2012 இலேயே கடும் விண்வெளி வானிலையை, அதாவது இத்தகைய சூரியப் புயல்களின் பாதிப்பை, தேசிய இடர்ப் பதிவேட்டில் சேர்த்துவிட்டது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள செய்மதிகள் புயலின் வலிமையை அளந்து சொன்னபின், பெரும்பாலும் ஒரு மணிநேரத்துக்கும் குறைவான அவகாசமே கிடைக்கும் என்பதால், அந்த எச்சரிக்கையை யார் பெற்று, மின்கட்டுப்பாட்டு அறைக்கும் விமான நிலையத்துக்கும் படகுகளுக்கும் எவ்வழியில் அறிவிப்பார் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.