ஈஸ்ட் இனங்களின் பரிணாமத்தை ஒப்பிட எந்த மரபணுத் தரவுத்தளத்தைப் பார்ப்பது? ஒத்த டி.என்.ஏ., புரத வரிசைகளைத் தேடித்தரும் பிளாஸ்ட் கருவி மட்டும் போதாதா?

போதாதுங்க. அதில் சூடுபட்டவன் நான்.

கோவையில் எம்.எஸ்சி. படித்தபோது, கேலக்டோஸ் சர்க்கரையைக் கையாளும் மரபணுக்களை ரொட்டி ஈஸ்ட்டிலும் (சாக்கரோமைசிஸ் செரிவிசியே) க்ளூவெரோமைசிஸ் லாக்டிஸ் என்ற இன்னொரு ஈஸ்ட்டிலும் ஒப்பிடுவதுதான் என் புராஜெக்ட். ரொட்டி ஈஸ்ட்டின் கேல்1, கேல்3 என்ற அந்த மரபணுக்கள் இரண்டையும் பிளாஸ்ட்டில் போட்டேன். இரண்டுக்கும் லாக்டிஸில் ஜோடி கிடைத்தது. அட்டவணை போட்டு பைண்டிங்கும் செய்தாயிற்று. வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்டார்: "ஏன் தம்பி, ரெண்டு வரியிலயும் ஒரே மரபணுதானே இருக்குது?" அதுவரை நான் அதைக் கவனிக்கவே இல்லை.

நடந்தது இதுதான். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ரொட்டி ஈஸ்ட்டின் மூதாதை வழியில் மரபணுத் தொகுதி முழுவதுமே இரட்டித்தது. இரட்டித்தவற்றில் பெரும்பாலானவை பிறகு உதிர்ந்துபோய், சுமார் 550 ஜோடிகள் மிஞ்சின. லாக்டிஸ் அதற்கு முன்பே பிரிந்துவிட்ட கிளை. அதன் ஒற்றை கேல்1, கேலக்டோஸ் வந்திருப்பதை உணரும் வேலையையும் அதற்கு பாஸ்பேட் சேர்க்கும் வேலையையும் சேர்த்தே பார்க்கிறது. ரொட்டி ஈஸ்ட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தது போல, பாஸ்பேட் சேர்ப்பது கேல்1-க்கும் உணர்வது கேல்3-க்கும் போய்விட்டது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் 'ஈஸ்ட் ஜீன் ஆர்டர் பிரவுசர்' (ஒய்ஜிஓபி) பாருங்கள். டப்ளினில் கெவின் பர்னும் கென் வுல்ஃபும் 2005-இல் வெளியிட்டது. காட்டுக்குப் பத்திரம் எழுதும்போது சர்வே எண்ணோடு நிறுத்தாமல் செக்குபந்தியும் எழுதுவோமே, அந்த வேலையை இது மரபணுவுக்குச் செய்கிறது: அக்கம்பக்கத்தில் யார் யார் என்று காட்டும். இரட்டிக்காத இனங்கள் நடுவில் ஒற்றை வரிசையாக இருக்கும். இரட்டித்தவை மேலும் கீழுமாக இரண்டு வரிசையாக, ஓட்டைப் பல் மாதிரி இருக்கும். மேலே இல்லாதது கீழே இருக்கும். இரண்டையும் சேர்த்தால் நடு வரிசை வந்துவிடும். வுல்ஃபும் ஷீல்ட்ஸும் 1997-இல் ரொட்டி ஈஸ்ட் ஒன்றை மட்டும் வைத்து இரட்டிப்பைச் சொன்னபோது சந்தேகப்பட்டவர்கள் உண்டு. 2004-இல் இரட்டிக்காத இனங்களின் மரபணுத் தொகுதிகள் வந்து, வரிசைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் அது உறுதியானது.

ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்று தெரிய ஸ்டான்ஃபோர்டின் 'சாக்கரோமைசிஸ் ஜீனோம் டேட்டாபேஸ்' போதும். இனங்கள் ஏராளமாக வேண்டுமென்றால், 2024-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈஸ்ட்களின் மரபணுத் தொகுதிகளை வெளியிட்ட 'ஒய்1000+' திட்டத்தின் தரவு இருக்கிறது.

கள்ளிலிருந்து எடுத்த ஈஸ்ட்டை வைத்துச் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விட்ட தெளுவு (பதநீர்), வெயில் ஏறுவதற்குள் நுரைத்துவிடும், சாம்பிளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் வளர்ந்தது செரிவிசியேவாகவே இருந்தால் ஒய்ஜிஓபி உதவாது. அது இனங்களுக்கிடையே ஒப்பிடுவது. ஒரே இனத்தின் ரகங்களை ஒப்பிட, 2018-இல் வந்த 1,011 செரிவிசியே ரகங்களின் தொகுப்புக்குப் போங்கள். ஆப்பிரிக்கக் கள்ளில் எடுத்தவையும் அதில் உண்டு.

அப்புறம், காண்டிடா அல்பிகன்ஸ் என்ற வேறொரு ஈஸ்ட் பக்கம் போனால் 'காண்டிடா ஜீன் ஆர்டர் பிரவுசர்' தனியாக இருக்கிறது. அங்கே சி-யூ-ஜி என்ற மூன்றெழுத்துக் குறியீடு குறிக்கும் அமினோ அமிலம், வழக்கமான லியூசின் அல்ல, செரின். புரதமாக மொழிபெயர்க்கும்போது மென்பொருளில் 12-ஆம் எண் குறியீட்டு அட்டவணையைத் தேர்ந்தெடுக்க மறந்துவிடாதீர்கள்.