கம்பெனி மூடியாச்சு, குத்தகை மட்டும் வில்லங்கத்தில் நிற்கிறது

கேள்வி: பள்ளிப்பட்டு பக்கம் அப்பா பெயரில் 1 ஏக்கர் 20 சென்ட் இருக்கிறது. 1999-ல் ஆந்திராவைச் சேர்ந்த ஒரு கிரானைட் பாலிஷ் கம்பெனிக்கு 30 ஆண்டுக் குத்தகை பதிவு செய்து கொடுத்தார். 2016-லிருந்து வாடகை வரவில்லை, ஷெட்டும் காலி. 2018-ல் கம்பெனிப் பதிவேட்டிலிருந்து அதன் பெயரையே நீக்கிவிட்டார்களாம். பேங்கில் கடன் கேட்டால் குத்தகையை எடுத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். சித்தூரில் இருக்கும் பழைய டைரக்டர் கையெழுத்துப் போடத் தயார். அது போதுமா?

பதில்: போதாது. பெயர் நீக்கப்பட்ட கம்பெனிக்காகக் கையெழுத்துப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை. குத்தகையை விட்டுக்கொடுப்பதாக அவரிடம் எழுதி வாங்கும் ஒப்படைப்புப் பத்திரத்தை பேங்க் வக்கீல் ஒரே பார்வையில் தள்ளிவிடுவார். அப்பா மட்டும் எழுதும் ரத்துப் பத்திரத்துக்கும் அதே கதிதான். தாசில்தாரிடம் அலைய வேண்டாம், இது பட்டா விஷயமே இல்லை.

முதலில் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கம்பெனியின் நிலையைப் பாருங்கள். 'கலைப்பு நடவடிக்கையில்' என்றிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கம்பெனியின் கணக்கை முடித்துவைக்கும் லிக்விடேட்டர் இருப்பார், குத்தகையை அவரே ஒப்படைக்கலாம். பெயர் நீக்கம்தான் என்றால் அதே பக்கத்தில் அடமான விவரத்தையும் பாருங்கள். குத்தகை உரிமையை வைத்துக் கம்பெனி கடன் வாங்கி, அது அடைபடாமல் இருந்தால், கடன் கொடுத்த பேங்கையும் வழக்கில் சேர்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, தீர்ப்பு வந்தபின் தவிக்கிறார்கள்.

உறுதியான வழி, கம்பெனிக்கு மறுபடி உயிர் கொடுப்பது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 252-ன்படி, கடன் பாக்கி வரவேண்டியவர் அரசிதழ் அறிவிப்பிலிருந்து 20 ஆண்டுக்குள் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். 2016 முதல் 2018 வரையிலான வாடகை பாக்கி அப்பாவை அப்படிக் கடன் பாக்கி வரவேண்டியவர் ஆக்குகிறது. ரசீது நகல், பாஸ்புக் பதிவு எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். பெயர் திரும்பியதும், போர்டு தீர்மானத்துடன் சித்தூர் டைரக்டரே ஒப்படைப்புப் பத்திரம் எழுதித் தரலாம். குத்தகை பதிவான அதே சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் பதிவு செய்யுங்கள். நிலுவை ஆண்டறிக்கைகளையும் தாக்கல் செய்யச் சொல்வது வழக்கம். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் இழுபறி வரும், முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

டைரக்டர் பின்வாங்கினால் குத்தகைப் பத்திரத்தை எடுத்து, வாடகை தவறினால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்தைத் தேடுங்கள். இருந்தால் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 111(ஜி)-படி எழுத்து மூலம் நோட்டீஸ் விட்டு, நிலம் இருக்கும் எல்லைக்குரிய சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். பெயர் நீங்கிய கம்பெனி மீது நேரடியாக வாங்கும் தீர்ப்பு நிற்காது. அதனால்தான் பெயரை மீட்பதை முதலில் சொன்னேன்.

இன்னொன்று, 1999-ம் ஆண்டுக் குத்தகைப் பதிவு வில்லங்கச் சான்றில் அழியவே அழியாது. எழுதிக் கொடுத்தவர் அப்பா, எழுதி வாங்கியவர் கம்பெனி என்று அப்படியே இருக்கும். கீழே ஒப்படைப்பு அல்லது கோர்ட் தீர்ப்பு புதுப் பதிவாக ஏறும். அந்தப் பதிவில் பழைய ஆவண எண்ணும் ஆண்டும் சரியாக இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். ஒரு இலக்கம் பிசகினாலும் இரண்டு பதிவும் ஒன்றோடொன்று சேராது, பேங்க் திருப்பி அனுப்பிவிடும்.