கம்ப்யூட்டர் கேபினெட் சூடு குறைய: வடசென்னைக் கேள்விகள், பதில்கள்

தண்டையார்பேட்டை: அண்ணா, கேம் ஓடினா பிராசஸர் 95 டிகிரி தொடுது. கூடுதலா ரெண்டு ஃபேன் வாங்கட்டுமா?

இப்போ வேண்டாம் தம்பி. பக்கத்து மூடியைக் கழட்டிட்டு அதே கேமை அரை மணி நேரம் ஓட்டுங்க. 5 முதல் 10 டிகிரி இறங்கினா கேபினெட்டுக்குள்ள காத்து வர வழி போதலைன்னு அர்த்தம். அப்போ ஃபேன் வாங்கலாம். இறங்கவே இல்லைன்னா கோளாறு பிராசஸர் மேல உட்கார்ந்திருக்கிற கூலர்ல. ரெண்டுக்கும் நடுவுல சூடு கடத்தத் தடவற பேஸ்ட் காய்ஞ்சிருக்கும், இல்ல கூலர் சரியா உட்கார்ந்திருக்காது. இன்டெல் பிராசஸரோட வர்ற கூலர்ல நாலு பிளாஸ்டிக் பின் இருக்கும். மதர்போர்டைத் திருப்பி, நாலோட நுனியும் முழுசா வெளியே வந்து விரிஞ்சிருக்கான்னு பாருங்க. ஒண்ணு தூக்கிட்டிருந்தாலும் அந்த ஓரத்துல அழுத்தம் இருக்காது, சூடு ஹீட்சிங்குக்கு, அதாவது கூலரோட உலோகப் பகுதிக்கு, ஏறாது. கழட்டினா பழைய பேஸ்ட்டைத் துடைச்சிட்டு, பிராசஸர் நடுவுல பட்டாணி அளவு புதுசா வைங்க.

பெரம்பூர்: எந்தப் பக்கம் காத்து போகும்னு ஃபேன்ல போடலையே?

ஸ்டிக்கர் ஒட்டி, கம்பி தாங்குற பக்கம்தான் காத்து வெளியே வரும். ரிவர்ஸ்னு விக்கிற ஃபேன்ல மட்டும் இது நேர்மாறு. சந்தேகம்னா டிஷ்யூ பேப்பர் துண்டு பிடிச்சுப் பாருங்க. முன்னாடி 120 மி.மீ. ஃபேன் ரெண்டு உள்ளே இழுக்கணும், பின்னாடி ஒண்ணு வெளியே தள்ளணும். பெரும்பாலான வீட்டு சிஸ்டத்துக்கு இது போதும். மேல போடறதா இருந்தா பின்பாதியில மட்டும் போடுங்க. முன்பாதியில வெளியே தள்ளுற ஃபேன் வெச்சா, புதுக் காத்து கூலரைத் தொடறதுக்கு முன்னாடியே மேல போயிடும்.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம்: அண்ணா, கன்டெய்னர் லாரி தூசி தாங்கல. ஃபில்டர் மேல காட்டன் துணி கட்டலாமா?

கட்டாதீங்கம்மா, காத்து அடைஞ்சிடும். வெளியே தள்ளறதைவிட உள்ளே இழுக்கறது அதிகமா இருக்கட்டும். குறைஞ்சா ஃபில்டர் இல்லாத ஒவ்வொரு இடுக்கும் தூசியை இழுக்கும். உங்க வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாம காயவெச்சு மாட்டணும். புளோயர் அடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க. விட்டா கன்னாபின்னான்னு சுத்தி பேரிங் போயிடும்.

காசிமேடு: தம்பி, பையனோட சிஸ்டம் கடல் பார்த்த ஜன்னலோரம் இருக்கு. ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்குது.

உப்புக் காத்தை எந்த ஃபில்டரும் முழுசா நிறுத்தாது ஐயா. இடத்தை மாத்துங்க. உள் சுவரோரம், பின்னாடி 15 செ.மீ. இடைவெளி விட்டு வைங்க. மேசைக்குள்ள இருக்கிற மூடின அறை வேண்டாம், வெளியே தள்ளின சூடே திரும்ப உள்ளே போகும். உள்ளே ஈரத்துணியால துடைக்கவே கூடாது.

வியாசர்பாடி: மே மாசம் ரூமே 38 டிகிரி. என்ன பண்ணலாம்?

ஃபேன் எதுவும் ரூம் சூட்டுக்குக் கீழே இறக்காது. உண்டாகிற சூட்டைக் குறைங்க. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர்ங்கிற சாஃப்ட்வேர்ல கிராஃபிக்ஸ் கார்டோட பவர் லிமிட்டை 80 சதவீதம் வைங்க. கேம் வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நல்லாவே இறங்கும்.